சினிமாவுக்குப் பேச்சு கொடுத்த கோதண்டம்

படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் சிரித்துவிடுவீர்கள், அப்புறம் நான் சொல்ல வருவது உங்கள் காதில் ஏறாது. நானும் அந்தப் படத்துக்குச் சிரித்தவன்தான். ஏழு வயசில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம் ஆடி மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி வரைக்கும் அதை நல்ல படம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் பெயர் நிலவன். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் எடைமேடையில் சீட்டு எழுதுகிற வேலை. நாள் முழுக்க லாரிகளை எண்ணி எண்ணி, எதைப் பார்த்தாலும் எண்ணுகிற புத்தி ஒட்டிக்கொண்டது. வாய் நீளம் மட்டும் பிறவியிலேயே வந்தது.

வியாசர்பாடியில் எங்கள் ஹவுசிங் போர்டு குடியிருப்பின் மூன்றாவது பிளாக் மொட்டைமாடியில் அன்புமணியின் கேபிள் டிவி ரூம் இருந்தது. அங்கிருந்துதான் எண்ணூறு வீடுகளுக்கு வயர் போனது. ஊரிலுள்ள சேனல்களோடு அவனுக்கென்று சொந்தமாக ஒரு சேனலும் வைத்திருந்தான். பிறந்தநாள் வாழ்த்து, மஞ்சள் நீராட்டு வீடியோ, காணாமல் போன ஆட்டுக்குட்டி எல்லாம் அதில் வரும். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் பழைய படம் போடுவான். படம் முடிந்த கையோடு நாங்கள் மூன்று பேர் கேமரா முன்னால் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசுவோம். நிகழ்ச்சிக்கு ‘ரெண்டாவது ஆட்டம்’ என்று பெயர். பின்னால் ஒரு நீலப் போர்வையைக் கட்டியிருப்போம். கல்யாண வீடியோ எடுக்கிற கேமரா. நேயர்கள் போன் பண்ணினால் அன்புமணி ரிசீவரைத் தூக்கி மைக்குக்கு நேராகப் பிடிப்பான். அவ்வளவுதான் எங்கள் ஸ்டூடியோ.

மூன்று பேரில் ஒருவன் நான். இன்னொருவன் ரஷீது, வண்ணாரப்பேட்டையில் அவன் அத்தாவின் கடையில் ஸ்கூல் பை, சூட்கேஸ் விற்கிறவன். பாட்டு என்றால் உயிர். எந்தப் படத்தைப் போட்டாலும் பாட்டு நன்றாயிருந்தால் படமும் நன்றாயிருக்கிறது என்பான். மூன்றாவது ஆள் மகிழினி. அண்ணா சாலையில் ஒரு கூரியர் கம்பெனியில் போன் எடுக்கிற வேலை. அவள் பேசினால் செய்தி வாசிப்பதைப் போல இருக்கும். எங்கள் மூன்று பேருக்கும் ஒரே வயசு. நானும் ரஷீதும் வாயைத் திறந்தால் எந்த ஏரியா என்று தெரிந்துவிடும். அவளைக் கேட்டால் மயிலாப்பூரில் பிறந்தவள் என்று சத்தியம் பண்ணுவீர்கள்.

நிகழ்ச்சிக்கு ஒரு சட்டம் வைத்திருந்தோம். நாங்கள் பேசுகிற படம் மூன்று பேரும் சின்ன வயசில் பார்த்த படமாக இருக்கவேண்டும். அதற்கப்புறம் யாரும் பார்த்திருக்கக்கூடாது. முன்கூட்டி சிடி வாங்கிப் போட்டுப் பார்ப்பது, விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டு வைப்பது எதுவும் ஆகாது. எங்கள் ஜனங்கள் கீழே வீட்டில் பார்க்கும் அதே நேரத்தில் நாங்கள் மேலே பார்ப்போம். முடிந்ததும் மனசில் வந்ததைப் பேசுவோம். ரஷீது ஒரு தடவை முதல் நாளே திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டு வந்து மாட்டிக்கொண்டான். அரைமணி நேரம் வாயைத் திறக்காமல் கேமரா முன்னால் உட்கார்ந்திருக்கவேண்டும் என்று தண்டனை கொடுத்தோம். அவன் பாட்டுக்குப் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தான். அந்த வாரம்தான் எங்களுக்கு நிறைய போன் வந்தது.

இந்தச் சட்டத்தில் எனக்கு அவ்வளவு பெருமை. யோசித்துப் பேசுகிறவன் பொய் சொல்வான், உடனே பேசுகிறவன்தான் உண்மை பேசுவான் என்று மார்தட்டிக்கொள்வேன். முட்டாள்.

மகிழினியின் அப்பா கோதண்டம். ஹார்பரில் மூட்டை தூக்கியவர், அப்போது ஓய்வில் இருந்தார். எங்கள் பிளாக்கில் அவருக்கு ‘சினிமா கோதண்டம்’ என்று பெயர். காரணம் அந்தப் படம். எண்பதாம் வருஷம் ராயபுரத்தில் கடலோரம் ஷூட்டிங் நடந்தபோது, ரிக்‌ஷாக்காரனாக நடிக்க வந்த காமெடி நடிகருக்கு எங்கள் பேச்சு வாயில் நுழையவில்லையாம். ஹார்பர் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த கோதண்டத்தைப் பிடித்துக் காரில் ஏற்றி கோடம்பாக்கத்துக்குக் கூட்டிப்போனார்கள். ஒன்பது நாள் காலையில் கார் வந்து அழைத்துப்போய், சாயங்காலம் கொண்டுவந்து விட்டது. எங்கள் தெருவுக்கு ஆம்புலன்ஸ் தவிர வந்த முதல் கார் அதுதான் என்பார்கள். ‘சினிமாவுக்கே பேச்சு கொடுத்தவர்’ என்று எந்தக் கல்யாணத்திலும் அவரை முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். அவரும் அதை வேண்டாம் என்று சொன்னதில்லை. ஆனால் அந்த ஒன்பது நாளைப் பற்றி ஏதாவது கேட்டால் மட்டும், “அத்த ஏன் கேக்கற, படா ஷோக்கு” என்று முடித்துவிடுவார்.

அந்தப் படத்தைப் போடச் சொல்லிக் கேட்டது அவர்தான். மாடி ஏறி வந்து மூச்சு வாங்க நின்றார்.

“இன்னா அன்புமணி, ஊர்ல கீற படத்தெல்லாம் போடறே. நம்ம படம் ஒண்ணு கீதே, அத்த போட்டா ஆவாதா?”

அன்புமணி எங்களைப் பார்த்தான். நானும் ரஷீதும் கையைத் தூக்கிவிட்டோம். மகிழினி மட்டும், “வேண்டாம் பா, அந்தப் படத்துல என்ன இருக்கு பேசறதுக்கு” என்றாள். மூன்றில் இரண்டு ஓட்டு. படம் முடிவாகிவிட்டது.

அவர் இறங்கிப் போனதும் அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“நிலவா, எனக்கு ஒரு உதவி பண்ணு. அப்பாவைப் பத்தி ரெண்டு நல்ல வார்த்தை சொல்லு. அதோட நிறுத்திடு.”

“சரி” என்றேன்.

“நிறுத்திடுவேல்ல?”

“சரின்றேன்ல, அப்பால இன்னா?”

அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். அந்த பிளாக்கில் எனக்கு மட்டும்தான் தெரியும். போன வருஷம் நாங்கள் இரண்டு பேரும் மைக் வாங்க ரிச்சி தெருவுக்குப் போனபோது, பேசின் பிரிட்ஜ் தாண்டாமல் டிரெயின் சிக்னலுக்காக முக்கால் மணி நேரம் நின்றுவிட்டது. அன்றைக்குச் சொன்னாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வேலைக்கான நேர்காணலுக்குப் போயிருக்கிறாள். எதிரில் நான்கு பேர். ஒருவர் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, “வியாசர்பாடியா? அப்ப அந்தப் படத்துல வர டயலாக் சொல்லு பார்க்கலாம்” என்று கேட்டிருக்கிறார். எந்த டயலாக் என்று அவளுக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். அந்த ரிக்‌ஷாக்காரன் ஒவ்வொரு தடவை அறை வாங்கும்போதும் கன்னத்தைத் தடவிக்கொண்டு, “இன்னொரு தபா அடி தொர, சத்தம் சரியா வரல” என்பான். தமிழ்நாடே சொல்லிச் சொல்லிச் சிரித்த வசனம்.

“சொன்னியா?” என்று கேட்டேன்.

“சொன்னேன். கன்னத்தைத் தடவிக்கிட்டே சொன்னேன். நாலு பேரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வேலை குடுத்துட்டாங்க.”

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோதே முடிவு பண்ணிவிட்டாளாம், இனி இந்தப் பேச்சு வேண்டாம் என்று. ரேடியோச் செய்தியைக் கேட்டுக் கேட்டுத் தன் வாயை மாற்றிக்கொண்டாள். வீட்டிலும் அப்படியே பேச ஆரம்பித்தாள். கேட்டவர்களிடம் ஆபீசில் இப்படிப் பேசினால்தான் மதிப்பு என்றாள். கோதண்டம் அதையும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார். “எம் பொண்ணு பேசனா ரேடியோ பொட்டி பேசற மாரியே கீது” என்பார். அவர் முகத்தைப் பார்த்து அவள் எப்படி உண்மையைச் சொல்வாள்? யார் கொடுத்த பேச்சை வைத்து ஊர் சிரித்ததோ அவர்தானே அப்பா.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் பிளாக்கில் யாரும் தனித்தனியாகப் படம் பார்க்கவில்லை. கோதண்டத்தின் வீட்டு டிவியைத் தூக்கி வராந்தாவில் வைத்து, நடுவில் அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் வெள்ளைச் சட்டை போட்டு விபூதி வைத்திருந்தார். மாடி ஏறும்போது பார்த்தேன். மாப்பிள்ளைக் களை.

பன்னிரண்டு மணிக்கு மாடியில் படம் ஓட ஆரம்பித்தது. முதல் இருபது நிமிஷம் எல்லாம் ஞாபகத்தில் இருந்தபடியே இருந்தது. ரஷீது பாட்டுக்குத் தாளம் போட்டான். அப்புறம் அந்த ரிக்‌ஷாக்காரன் வந்தான். சவாரிக் கூலி கேட்டு கதாநாயகன் வீட்டு வாசலில் நிற்கிறான். கதாநாயகன் ஓங்கி அறைகிறான். வசனம் வருகிறது. கீழே எட்டு பிளாக்கிலிருந்தும் சிரிப்பு ஒரே நேரத்தில் எழும்பி மொட்டைமாடிக்கு வந்தது. நானும் சிரித்தேன்.

ஒன்று.

கதாநாயகியின் அப்பா அறைந்தார். போலீஸ்காரர் அறைந்தார். இவன் கூலி கேட்டது தவிர வேறு எதுவும் செய்யவில்லை. என் புத்தி பாட்டுக்கு எண்ணிக்கொண்டே போனது. நாலாவது அறையில் ரஷீது தாளத்தை நிறுத்தினான். ஏழாவதில் ஒரு சின்னப் பிள்ளை, பணக்கார வீட்டுப் பிள்ளை, இவனைக் குனியச் சொல்லி அறைந்தது. அதற்கும் அதே வசனம். ஏழு வயசில் நான் விழுந்து விழுந்து சிரித்த காட்சி அதுதான். பக்கத்தில் பார்த்தேன். மகிழினி டிவியைப் பார்க்கவில்லை, கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மொத்தம் பதினொரு அறை. படத்தில் வேறு யார் மேலும் ஒரு தூசி விழவில்லை.

படம் முடிந்தது. அன்புமணி கேமராவில் சிவப்பு விளக்கைப் போட்டான்.

முதலில் ரஷீது பேசினான். பாட்டு நன்றாயிருக்கிறது என்றான், ஆனால் எப்போதும் போலப் பாடிக் காட்டவில்லை. அடுத்து மகிழினி. “இந்தப் படத்தின் நகைச்சுவைப் பகுதிக்கு எங்கள் அப்பாவும் ஒரு சின்ன உதவி செய்திருக்கிறார். எங்கள் பகுதிக்கே அது பெருமை” என்று அழகாகச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

நான் இரண்டு நல்ல வார்த்தை சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். கோதண்டம் மாமா சொல்லிக்கொடுத்த பேச்சுதான் அந்தப் பாத்திரத்துக்கு உயிர் என்றேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அந்த நேரம் பார்த்துக் கீழே தெருவில் பசங்க யாரோ, “இன்னொரு தபா அடி தொர!” என்று கத்தினார்கள். பளாரென்று ஒரு சத்தம் கேட்டது. விளையாட்டுக்கு ஒருத்தனை ஒருத்தன் அடித்துக்கொள்கிறார்கள். கீழே எல்லாரும் சிரிக்கிறார்கள்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

“சிரிங்க, நல்லா சிரிங்க” என்றேன் மைக்கில். “பதினோரு அடி. நான் எண்ணிகினுதான் குந்தினுகீறேன். இன்னா தப்பு பண்ணான் அவன்? கூலி கேட்டான். அதுக்கு பதினோரு அடி. அடி வாங்கிட்டு இன்னும் அடி தொரன்றான். அத்த பாத்து நாமளே சிரிக்கிறோம். ஊர்ல கீறவன் சிரிச்சா பரவால்ல, நமக்கு இன்னா கேடு? இந்தப் படம் வந்தப்பால நம்ம வாயத் தொறந்தா அவனுங்களுக்கு ஜோக்கு. வெளில போய் பாரு. இதோ, இந்தப் பொண்ணு...”

மகிழினி மேஜைக்கு அடியில் என் முழங்காலைக் கிள்ளினாள். அவள் எதற்குக் கிள்ளுகிறாள் என்பது என் மூளைக்கு எட்டவில்லை. அல்லது எட்டியும் நான் நிறுத்தவில்லை. இன்றுவரைக்கும் எனக்கு அதில் சந்தேகம்தான்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நேர்காணல், நான்கு பேர், கன்னத்தைத் தடவிக்கொண்டு வசனம் சொன்னது, சிரித்தது, வேலை கிடைத்தது, அதற்கப்புறம் அவள் வாயை மாற்றிக்கொண்டது. எண்ணூறு வீடுகளுக்குச் சொன்னேன். அதில் ஒரு வீட்டு வராந்தாவில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார்.

நான் நிறுத்தினேன். பக்கத்தில் போன் இருந்தது. அன்று அது அடிக்கவேயில்லை.

மகிழினி கேமராவைப் பார்த்தாள். குரல் கொஞ்சம்கூடப் பிசகவில்லை. “இத்துடன் இந்த வார நிகழ்ச்சி நிறைவடைகிறது. நேயர்களுக்கு எங்கள் நன்றி” என்றாள். சிவப்பு விளக்கு அணைந்தது. அவள் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல் படி இறங்கிப் போனாள்.

ரஷீதுதான் கடைசியில் வாயைத் திறந்தான். “மாமு, படத்தக் கியிக்கிறேன்னு அந்தப் பொண்ணக் கியிச்சிட்டியேடா.”

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்றேன். “அதான் மாமு பேஜாரு” என்றான் அவன்.

மூன்று நாள் நான் அவர்கள் வீட்டுப் பக்கம் போகவில்லை. எடைமேடையில் இரண்டு லாரிக்கு எடையை மாற்றி எழுதி முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். புதன்கிழமை வேலை முடிந்ததும், நடப்பது நடக்கட்டும் என்று போனேன். படி ஏறும்போது எதிரில் வந்தவர்கள் என்னிடம் பேசவில்லை. இரண்டாவது மாடியில் முதல் வீடு அவர்களுடையது. கதவருகில் மகிழினியின் அம்மா கெங்கம்மா அத்தை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

“வா. இன்னும் சொல்றதுக்கு எதுனா பாக்கி கீதா?” என்றார்.

தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனேன். கோதண்டம் மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவர் வயசுக்கு என்னைப் பார்த்து எழ வேண்டியதில்லை.

“வாருங்கள் நிலவன்” என்றார். “அமருங்கள். வேலையெல்லாம் எப்படி இருக்கிறது?”

முதலில் என்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. ஒவ்வொரு வார்த்தையையும் மூட்டையைப் போல இறக்கி வைத்துவிட்டு, சரியாக இறங்கியதா என்று பார்த்துப் பார்த்துப் பேசினார்.

“மாமா, இன்னா மாமா இது?”

“ஒன்றுமில்லை. இப்படிப் பேசிப் பழகுகிறேன். என்னால் என் மகளுக்குத் தலைகுனிவு வரக்கூடாது அல்லவா.”

அடுப்படியிலிருந்து பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. மகிழினி அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. உள்ளே இருந்தாள். “மூணு நாளா இப்படித்தான்” என்று வெளியில் வராமலே சொன்னாள். எனக்கா, சுவருக்கா என்று தெரியவில்லை.

“மாமா, நான் பேசனது தப்பு. அடிங்க, திட்டுங்க. இப்டி ஒண்டி பேசாதீங்க” என்றேன்.

“நீங்கள் உண்மையைத்தானே கூறினீர்கள். உண்மையைக் கூறுவதில் தவறு...” அந்த இடத்தில் வார்த்தை கிடைக்காமல் நின்றார். உதடு அசைந்தது. தேடினார். அறுபது வயசுக்கு மேல் ஒரு மனுஷன் சொந்த வீட்டில் பேச வார்த்தை தேடி நிற்பதை நான் பார்த்தேன். அதற்குக் காரணம் நான்.

மகிழினி அடுப்படியிலிருந்து வேகமாக வந்தாள்.

“இன்னா நைனா இது! இன்னாத்துக்கு நைனா இப்டி பேசி எங்கள சாவடிக்கிறே! உன் வாயில வர்ரத பேசு நைனா!”

ஒன்பது வருஷம் கழித்து அவள் எங்கள் பேச்சைப் பேசினாள். ஆனால் அது எங்கள் பேச்சே இல்லை. ‘நைனா’ என்பதை மூக்கால் இழுத்தாள், ‘இன்னா’வுக்குத் தலையை ஒரு வெட்டு வெட்டினாள். அந்தக் காமெடி நடிகர் அச்சு அசலாக அவள் வாயில் வந்து நின்றார். சொந்தப் பேச்சை உதறி எத்தனையோ நாளாகிவிட்டது, படத்துப் பேச்சு மட்டும் உள்ளே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அவளுக்கும் அது தெரிந்துவிட்டது. பாதியில் நிறுத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

கோதண்டம் மாமா நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

“அப்டி பேசாத கண்ணு” என்றார். மூன்று நாளில் முதல் தடவையாக அவர் குரல் அவருக்குத் திரும்பி வந்திருந்தது. “அது நாம பேசறது இல்ல. அது அவரு பேசனது.”

கெங்கம்மா அத்தை முறத்தைக் கீழே வைத்துவிட்டு வாசற்படிக்கு வந்து நின்றார்.

“நல்ல மனுஷன்தான் அவரு” என்று மாமா தரையைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். “மொத ரெண்டு நாளு பேச்சுதான் நடந்துது. நான் சொல்லுவேன், அவரு திருப்பிச் சொல்லுவாரு. மூணாம் நாளு அடி சீனு. அவரு பெரிய ஆளு, ரிகர்சல்ல அவர அடிக்க முடியுமா? சும்மா குந்தினுகீறான் பாரு, அவன நிக்க வைன்னு ஒருத்தரு சொன்னாரு. கோதண்டம், இங்க வந்து நில்லுன்னாங்க. நின்னேன்.”

“உன்னையா?” என்று கேட்டது கெங்கம்மா அத்தை.

“காமிராக்கு எடம் பாக்க ஒரு தபா. லைட்டுக்கு ஒரு தபா. அடிக்கிறவருக்கு கை சரியா வரலன்னு இன்னொரு தபா.” என் பக்கம் திரும்பினார். “நீ பதினொண்ணு எண்ணுன. அது படத்துல வந்தது. ஏயு நாளு நான் வாங்குனத யாரு எண்ணுனா?”

எண்ணுகிறவன் என்று மைக்கில் பீற்றிக்கொண்டவன் நான்.

“ஒரு தபா ரொம்ப பலமா வுயுந்துச்சு. காது கொய்யினு ஆயிப்போச்சு. சுத்திலும் ஐம்பது பேரு, அல்லாரும் என்னியே பாத்துகினு கீறாங்க. சட்டையப் புடிக்கிறதா, அயுவறதா, வெளில போறதா, ஒண்ணும் தோணல. மானத்த எப்டினா காப்பாத்திக்கணும்ல? வாய்க்கு வந்துச்சு, சொல்லிட்டேன். இன்னொரு தபா அடி தொர, சத்தம் சரியா வரலன்னு.”

மகிழினி வாயிலிருந்து கையை எடுத்தாள்.

“வுயுந்து வுயுந்து சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். டைரக்டரு ஓடியாந்து என்னக் கட்டிப் புடிச்சிகினாரு. இத்த எய்திக்கோ, எய்திக்கோன்னாரு. மறுநாளு படத்துல வந்துடுச்சு.”

“நைனா...”

“நான் அத்த சொன்ன அன்னிக்கி சாங்காலம் கார்ல கொண்ணாந்து வுட்டாங்க. எறங்குனா பிளாக்கே வாசல்ல நிக்கிது. நீ பாவாடையத் தூக்கிப் புடிச்சிகினு ஓடியாந்து, எங்க நைனா கார்ல வந்துகீதுன்னு குதிக்கிறே. உனுக்கு ஆறு வயசு. அங்க நான் இன்னான்னு சொல்றது? சினிமாக்குப் பேச்சு குடுத்துட்டு வரேன்னு சொன்னேன். அப்டியே நின்னுபோச்சு.”

வெளியே வராந்தாவில் யாரோ சைக்கிளைத் தூக்கிக்கொண்டு படி ஏறினார்கள். அந்தச் சத்தம் கடந்து போகும்வரை எல்லாரும் காத்திருந்தோம். மன்னிப்புக் கேட்கத்தான் நான் போயிருந்தேன். கேட்டேனா என்று ஞாபகம் இல்லை. அழுதேன், அது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மகிழினி அவர் எதிரில் வந்து நின்றாள். செய்தி வாசிக்கிற குரலும் இல்லை, படத்துக் குரலும் இல்லை. உடைந்துபோன ஏதோ ஒரு குரலில் கேட்டாள்.

“இவ்ளோ வருஷமா என்கிட்ட ஏன் சொல்லல?”

அவர் தலையைத் தூக்கி மகளைப் பார்த்தார்.

“நீ ஒண்டி என்னாண்ட சொன்னியா கண்ணு?”

அவள் அவர் காலடியில் வெறுந்தரையில் உட்கார்ந்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு இறங்கிப் போனேன்.